கம்பளிப்பூச்சியைத் தொடலாமா?

மனிதனைக் கண்டு அஞ்சி ஓடும் உயிரினங்களே உலகில் மிகுதி. மனிதன் கண்டு அஞ்சி விலகும் சிலவற்றுள் பாம்பும் தேளும் இடம் பெறுவது இயல்பே. ஆனால் ஒரு விரல் நீளமேயுடைய, துரத்தி வந்து கடிக்க அறியாத, முருங்கை மரத்தில் தன்போக்கில் ஊர்ந்து செல்லும் கம்பளிப்பூச்சியும் அந்த வரிசையில் இடம் பெற்றுவிட்டது. அது சட்டையின்மேல் விழுந்தாலே உடல் முழுதும் நமைப்பதாக உணர்வோர் பலர். மற்றொரு பக்கம், அதனை ஒரு பொருட்டாக எண்ணாமல் வெறுங்கையால் தட்டிவிட்டு, அதே கையால் கண்ணைக் கசக்கிக் கொள்வோரும் உள்ளனர். முன்னவருடைய அச்சம் அளவு மீறியது. பின்னவருடைய அலட்சியம் ஆபத்தானது.

சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும் இடங்களில், கூட்டம் முடிந்தபின் அங்கத்தினர்கள் கேட்கும் கேள்விகள் எல்லாம் வட்டியையும் தவணையையும் பங்கு ஈவையும் பற்றியனவாக இருப்பதில்லை. சாத்தான்குளம், உடன்குடிப் பகுதிகளில் முருங்கை பயிரிடுவோரும், அவர்களுக்கு அண்டை வீட்டாராகிய நெசவாளரும் மழைக்காலத்தில் தவறாமல் கேட்பது ஒன்றுண்டு. "ஐயா, கம்பளிப்பூச்சிக்கு விஷம் உண்டா? பிள்ளைகள் தொட்டுவிட்டால் என்ன செய்வது? மரத்தையே வெட்டிவிடலாமா?" என்பதே அது. இக்கேள்விகளுக்கு நூல்களும் அனுபவமும் தரும் விடையை ஒருங்கே தொகுத்துக் கூறுவது பயனுடையதாகும்.

விடையின் சுருக்கத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். கம்பளிப்பூச்சிகள் யாவும் தீங்கு செய்வன அல்ல. அவற்றுள் சில தீங்கு செய்யும். தோலில் பட்டால் அது பெரும்பாலும் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தீர்ந்துபோகும் துன்பம். கண்ணில் பட்டால் அப்படியல்ல. பார்வைக்கே கேடு வரக்கூடும். எங்குப் பட்டாலும் தேய்ப்பது மட்டும் ஒருபோதும் கூடாது. மரத்தை வெட்டத் தேவையில்லை. ஆனால் பூச்சியை ஒழிக்க ஒருவர் மட்டும் முயன்றால் போதாது.

கடிப்பதன்று, குத்துவது

"கம்பளிப்பூச்சி கடித்துவிட்டது" என்று சொல்வது நம் வழக்கம். உண்மையில் அது கடிப்பதில்லை. அதன் வாய் இலையைக் கத்தரிப்பதற்கே அமைந்தது. நமக்குத் துன்பம் தருவது அதன் வாய் அன்று. உடலைப் போர்த்தியிருக்கும் உரோமமே. இந்த நுட்பத்தை யாழ்ப்பாணத் தமிழர் தங்கள் பேச்சிலேயே காத்து வைத்திருக்கின்றனர். அவர்கள் இதனை 'மயிர்க்கொட்டி' என்பர். மயிரால் கொட்டுவது என்று பொருள்படும் இப்பெயரில் காரணமும் அடங்கிவிட்டது.

கம்பளிப்பூச்சி என்பது தனியொரு பூச்சி அன்று, அந்துப்பூச்சியின் இளம்பருவம். அந்து இடும் முட்டையிலிருந்து புழு வெளிவந்து, இலையைத் தின்று வளர்ந்து, பலமுறை தோலுரித்து, கூட்டுப்புழுவாகி, மீண்டும் அந்தாகப் பறந்து செல்லும். நெசவாளர் நன்கறிந்த பட்டுப்புழுவும் இத்தகையதோர் அந்துப்பூச்சியின் புழுவே. அதற்கு உரோமப் போர்வை இல்லை. மனிதனின் காவலில் வளர்வதற்கு அது வேண்டியதும் இல்லை. வெளியில் வாழும் புழுவுக்கோ பறவையும் ஓணானும் பகை. பறவையின் அலகுக்குத் தப்பவே பல புழுக்கள் உரோமத்தைக் கவசமாகக் கொண்டுள்ளன. அக்கவசத்தையும் பொருட்படுத்தாமல் கம்பளிப்பூச்சியை விரும்பித் தின்பவை குயிலினத்துப் பறவைகள். மழைக்காலத்தில் தோட்டத்துக்கு வரும் சுடலைக்குயில் அவற்றுள் ஒன்று. அதனைக் கல்லெறிந்து விரட்டுவது நமக்கு வேலை செய்ய வந்த கூலியில்லாத ஆளை விரட்டுவதாகும்.

மூவகை உரோமங்கள்

எல்லாப் புழுக்களின் உரோமமும் ஒரே தன்மையதன்று. பயன் கருதி அவற்றை மூன்று வகையாகப் பிரித்துக் கொள்ளலாம்.

முதல் வகை, நீண்ட சாதாரண உரோமம். கண்ணுக்கு அச்சந்தரும் தோற்றத்தை அளிப்பது பெரும்பாலும் இதுவே. இதில் விஷம் இல்லை. மென்மையான தோலில் குத்தினால் சிறு நமைச்சல் உண்டாகலாம், அவ்வளவே.

இரண்டாம் வகை, மிக நுண்ணிய குத்தூசி உரோமம். இவற்றுட் பல ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு நீளமே உடையவை, வெறுங்கண்ணுக்குத் தோன்றா. ஒரே புழுவின்மேல் பல்லாயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றும் கூர்மையுடையது, பக்கங்களில் மீன்தூண்டிலின் முள்போன்ற கொக்கிகள் உண்டு, உள்ளே உடலுக்கு ஒவ்வாத புரதப்பொருள் அடங்கியிருக்கும். சிறிது அதிர்ந்தாலும் இவை உதிரும், காற்றிலும் பறக்கும். புழு உரித்த தோலிலும், கூட்டிலும், முட்டைக் குவியலின் மேற்பூச்சிலும் இவை ஒட்டிக் கிடக்கும். ஆகவே புழுவைக் கண்ணால் காணாதவருக்கும் அரிப்பு வரலாம். "பூச்சி மேலே விழவே இல்லை, தடிப்பு மட்டும் வந்துவிட்டது" என்று சொல்வோர் பொய் சொல்வதில்லை.

மூன்றாம் வகை, அடியில் விஷப்பையுடன் கூடிய முள். இது ஊசிபோல் உள்ளே துளையுடையது. தொட்டவுடன் நுனி முறிந்து, விஷம் தோலுக்குள் இறங்கும். நம் காட்டோரங்களில் வளரும் செந்தட்டிச் செடியைத் தெரியாமல் மிதித்தவர் இதன் செயலை எளிதில் உணர்வர். அச்செடியின் சுணையும் இதே முறையில்தான் வேலை செய்கிறது.

கடலோரத்து அங்கத்தினர்களுக்கு இதற்கு நேரான உவமை கடலிலேயே உண்டு. முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்ற இக்கரையில், 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுவிட்டபோதிலும், சங்கு குளிப்போரும் வலை இழுப்போரும் 'சொறி' என்று வழங்கும் இழுது மீனை நன்கறிவர். அதன் நூல்போன்ற கைகளில் நுண்ணிய விஷ அறைகள் உள்ளன. உடலில் ஒட்டிய நூலை மணலால் தேய்த்தால், அதுவரை வெடிக்காத அறைகளும் வெடித்து எரிச்சல் பெருகும். கடலில் சொறியையும் கரையில் கம்பளிப்பூச்சியையும் தேய்க்கக்கூடாது என்பது ஒரே பாடம்.

நம் பக்கத்தில் காணப்படுபவை

முருங்கைக் கம்பளிப்பூச்சியை முதலில் கூற வேண்டும். பழுப்பு நிறமும் அடர்ந்த உரோமமும் கொண்டது. இரவில் இலையைத் தின்னும், மரப்பட்டையையும் சுரண்டும். பகலில் நூற்றுக்கணக்கான புழுக்கள் அடிமரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பளித் துண்டை ஒட்டியதுபோல் கூடியிருக்கும். இதன் உரோமம் பட்டால் பலருக்கு அரிப்பும் தடிப்பும் தோன்றும். குழந்தைகள் மரத்தில் சாய்வதும், காய் பறிப்போர் மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறுவதும் இதனால் துன்பத்தில் முடிகின்றன.

அடுத்தது ஆமணக்குக் கம்பளிப்பூச்சி. சிவந்த தலையும், அதனைச் சுற்றி வெண்ணிற உரோமமும், முன்னும் பின்னும் நீண்ட உரோமக் கற்றைகளும் உடையது. ஆமணக்கில் மட்டுமன்றி மாதுளை, ரோஜா, பருத்தி முதலியவற்றிலும் காணப்படும். இதன் தாய் அந்து மஞ்சள் நிறமுடையது. தான் இட்ட முட்டைகளை மஞ்சள் உரோமத்தால் மூடி வைக்கும். மேலே கூறிய நுண்ணிய குத்தூசி உரோமத்துக்குப் பெயர்போன இனம் இதுவே. முருங்கைக் கம்பளிப்பூச்சியைப் பார்க்க இது சிறிது. ஆயினும் அரிப்புத் தருவதில் இதனைச் சிறியதென்று எண்ணக்கூடாது.

மூன்றாவது, மானாவாரி நிலக்கடலையின் பெரும் பகையாகிய சிவப்புக் கம்பளிப்பூச்சி. செம்பழுப்பு உரோமமும், உடலின் இருபுறத்துக் கடைசியிலும் கருநிறமும் கொண்டது. ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் நீளம் வளரும். கூட்டம் கூட்டமாக ஒரு வயலைத் தின்று தீர்த்து அடுத்த வயலுக்குப் படையெடுத்துச் செல்லும். தோற்றத்தில் அஞ்சத்தக்கது இதுவே. ஆனால் தோலுக்கு இது செய்யும் தீங்கு மற்ற இரண்டையும்விடக் குறைவு. மென்மையான தோலுடையார்க்கு நமைச்சல் வரலாம். இதனால் வரும் உண்மையான கேடு பயிருக்கும் கடன் தவணைக்கும் உரியது.

நான்காவதை யாரும் கம்பளிப்பூச்சி என்று சொல்லமாட்டார்கள். தென்னை, மா, ஆமணக்கு ஆகியவற்றின் இலைகளில் வாழும் நத்தைப் புழு அது. பச்சை நிறம், முதுகில் நீலம் கலந்த கோடு, பக்கங்களில் வரிசையாகச் சிறு முட்கொத்துகள், பார்வைக்கு அழகியது. வயிறு இலையோடு ஒட்ட நத்தைபோல் நகர்வதால் அப்பெயர். ஆயின் இதன் முள்தான் மூன்றாம் வகையைச் சேர்ந்தது. தொட்டமாத்திரத்தில் நெருப்புச் சுட்டதுபோல் வலிக்கும். அடர்ந்த உரோமமுடையது கொடியது, உரோமம் குறைந்தது சாது என்ற கணக்கு இங்கே பொய்த்துப் போகிறது. இனம் தெரியாத எந்தப் புழுவையும் வெறுங்கையால் தொடலாகாது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிற நாடுகளின் அனுபவம்

பிற நாட்டு அனுபவமும் இதனையே வலியுறுத்துகிறது. அமெரிக்காவின் தென்பகுதியில் பூனைக்குட்டியின் மென்மயிர் போர்த்தியதுபோன்ற ஒரு புழு உண்டு. தடவிப் பார்க்கத் தூண்டும் அம்மென்மயிருக்கு அடியில் விஷமுட்கள் மறைந்திருக்கும். 1923-ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில் இவை பெருகியபோது பள்ளிகளை மூட நேர்ந்தது. அதே நாட்டின் வடகிழக்கிலுள்ள மெயின் மாநிலத்தில், நம் ஆமணக்குக் கம்பளிப்பூச்சிக்கு நெருங்கிய உறவுடைய புழு ஒன்று ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியது. அதன் உதிர்ந்த உரோமம் ஓராண்டுக்கு மேலும் வீரியம் கெடாமல் மண்ணிலும் சருகிலும் கிடந்து, பெருக்குவோர்க்கு அரிப்பைத் தருகிறது. ஆகவே அங்கே நிலத்தை நீர் தெளித்து நனைத்தபின் சுத்தம் செய்யுமாறு அறிவுறுத்துகின்றனர்.

மரணம் விளைவிக்கும் புழுவும் உலகில் இல்லாமல் இல்லை. பிரேசில் நாட்டின் தென்பகுதியில் வாழும் ஒரு முட்புழுவின் விஷம் இரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்து உயிருக்கே உலை வைக்கும். அதற்கு மாற்று மருந்தினைச் சாவோ பாவ்லோ நகரத்துப் புட்டாண்டன் ஆராய்ச்சி நிலையம் தயாரித்து வழங்குகிறது. அப்புழு தென்னமெரிக்காவுக்கு உரியது. நம் நாட்டில் இல்லை. செய்தித்தாளில் எங்கோ ஒரு புழுவைப் பற்றிப் படித்துவிட்டு, நம் வீட்டு முருங்கையைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை.

பட்டவுடன் செய்யத்தக்கவை

புழு உடலின்மேல் ஊர்ந்தால் அதனை அறைந்து கொல்லலாகாது. நசுங்கும்போது உரோமங்கள் தோலில் அழுந்தும். கையால் தட்டிவிடவும் வேண்டாம். ஓர் இலையையோ குச்சியையோ அதன் அடியில் செலுத்தி மெல்ல அப்புறப்படுத்த வேண்டும்.

அடுத்து, அவ்விடத்தைத் தேய்க்காமலும் சொறியாமலும் இருத்தல் வேண்டும். சிலர் சாக்குத் துண்டால் தேய்ப்பர். சிலர் தலைமுடியால் துடைப்பர். சிலர் சாம்பலை அள்ளிப்பூசி அழுத்தித் தேய்ப்பர். கொக்கியுடைய உரோமம் முன்னோக்கியே செல்லவல்லது, பின்னோக்கி வராது. ஒவ்வொரு தேய்ப்பும் அதனை மேலும் ஆழமாக ஓட்டுகிறது. தேய்த்தலுக்கு மாறாக, மருந்துக்கடைப் பிளாஸ்திரியையோ ஒட்டும் நாடாவையோ அவ்விடத்தில் ஒட்டி எடுக்க வேண்டும். ஒட்டி எடுத்த துண்டை மீண்டும் ஒட்டாமல், ஒவ்வொரு முறையும் புதிய துண்டைக் கொண்டு சில தடவை செய்தால் பெரும்பாலான உரோமங்கள் வெளிவந்துவிடும்.

அதன்பின் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, துடைக்காமல் காயவிட வேண்டும். உடுத்திய துணியைக் கழற்றி, மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மேலே வைத்தால் எரிச்சல் தணியும். மருந்துக்கடைகளில் கிடைக்கும் காலமைன் நீர்மமும் நல்லது. அரிப்பு அடங்காவிடில் மருத்துவரின் சொற்படி ஒவ்வாமைக்குரிய மாத்திரையை உட்கொள்ளலாம்.

வெற்றிலைச் சாறு பூசும் வழக்கம் நம்மிடையே உண்டு. தாமிரவருணிக் கரையில் ஆத்தூர்க் கொடிக்காலின் வெற்றிலை, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற புகழுடையது. அதன் சாற்றின் குளிர்ச்சி ஆறுதல் தந்தால் அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் உரோமத்தை ஒட்டி எடுத்துக் கழுவிய பின்னரே எதையும் பூச வேண்டும். அதுவும் தேய்க்காமல் வைக்க வேண்டும். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு முதலியவை தோலைப் புண்ணாக்குவன, அவற்றை விலக்குக.

மூச்சுத்திணறல், உதடும் முகமும் வீங்குதல், உடல் முழுதும் தடித்தல், மயக்கம், இடைவிடாத வாந்தி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் வீட்டு வைத்தியத்தில் காலங்கடத்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. குழந்தை புழுவை வாயிலிட்டுக் கொண்டாலும் அவ்வாறே. ஒருமுறை பட்டவருக்கு அடுத்த முறை அதிகமாகத் தாக்குவதும் உண்டு. ஆகவே "போன வருஷம் ஒன்றும் செய்யவில்லையே" என்பது பாதுகாப்பு ஆகாது. ஆஸ்துமா நோயுடையோர் புழு மண்டிய மரத்தடியில் வேலை செய்யாதிருப்பதே நலம்.

கண்ணைக் காப்போம்

இக்கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைக்க இயலுமாயின், அது கண்ணைப் பற்றியதாக இருக்கட்டும். கண்ணில் விழுந்த உரோமம் தூசியைப்போல் கண்ணீரோடு வெளியேறிவிடாது. கண்ணைக் கசக்கும்போது இமையின் உட்புறத்திலும் கருவிழியிலும் குத்தி நிற்கும். பின்னர் இமையின் அசைவே அதனை உள்ளே தள்ளும். கவனியாது விட்டால், வாரங்களும் மாதங்களும் சென்றபின் கண்ணின் உட்பகுதிக்கும் சென்று அழற்சியை உண்டாக்கிப் பார்வையைக் கெடுக்கக்கூடும். முத்துச்சிப்பி தன் உடலுக்குள் புகுந்த அந்நியப் பொருளைச் சுற்றிப் பூச்சிட்டு முத்தாக்குகிறது. நம் கண்ணும் உள்ளே புகுந்த உரோமத்தைச் சுற்றிச் சிறு முடிச்சுகளை எழுப்புகிறது. சிப்பிக்கு அதனால் மதிப்பு, நமக்கோ இழப்பு.

ஆதலின் கண்ணில் பட்ட ஐயம் எழுந்தாலே கசக்காமல், தூய நீரை நிறைய ஊற்றிக் கழுவி, அன்றைக்கே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கண் மருத்துவப் பிரிவு உண்டு. பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்த்து, உரோமங்களை ஒவ்வொன்றாக எடுப்பர். மறுநாள் வலி குறைந்துவிட்டது என்று எண்ணி நிறுத்திவிடாமல், அவர் சொன்ன நாளில் மீண்டும் சென்று காட்டுவது அவசியம். ஒருநாள் கூலி போகிறதே என்று தயங்கும் தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்கு, ஒரு கண் எத்தனை ஆண்டுக் கூலி என்பதை எடுத்துச் சொல்வது அவளை வேலைக்கு அழைத்தவரின் கடமை. அவளை மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பதும் அவர் கடமையே.

நெசவாளருக்கு ஒரு சொல்

இது பயிர் செய்வோர்க்கு மட்டும் உரிய செய்தி என்று நெசவாளர் கருதலாகாது. வெயிலேறுமுன் மர நிழலில் பாவு நீட்டிக் கஞ்சியிடும் வழக்கம் இன்னும் மறையாத ஊர்கள் உள்ளன. பாவுக்கு மேலே கிளை நீட்டிய முருங்கையில் பூச்சி மண்டியிருந்தால், உதிரும் உரோமம் ஈரக் கஞ்சியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு நூலைத் தொடும் கையெல்லாம் அரிக்கும். துவைத்த துணியையும் குழந்தையின் தொட்டில் துணியையும் அத்தகைய மரத்தடியில் உலர்த்துவது தவறு.

"அண்ணாச்சி, உங்கள் மரத்துப் பூச்சி எங்கள் பாவில் விழுகிறதே!" என்று ஒருவர் சொல்ல, "மரம் என் நிலத்தில் நிற்கிறது. பூச்சியை நானா வளர்க்கிறேன்?" என்று மற்றவர் சொல்ல, இச்சிறு பூச்சியால் ஒரே சங்கத்து அங்கத்தினர் இருவர் முகம் பார்க்காமற் போவதும் உண்டு. மரத்தை வெட்டினால் வழக்கு முடியும் என்று தோன்றும். ஆனால் அந்த மரம் காயும் கீரையும் தரும் வீட்டு வருவாய். பூச்சியோ அடுத்த தோட்டத்து மரத்திலிருந்து அந்தாகப் பறந்து வந்தது. ஒரு மரத்தை வெட்டுவதால் அது ஒழியாது. வழக்குத் தீர வேண்டுமானால் இருவரும் சேர்ந்து பூச்சியை ஒழிக்க வேண்டும்.

ஒருவரால் ஆகாதது

முருங்கைப் பூச்சிக்கு நம் முன்னோர் கையாண்டது தீப்பந்தம். பகலில் அடிமரத்தில் கூடியிருக்கும் புழுக்களைப் பந்தத்தால் பொசுக்கும் இம்முறை பயன் தருவதே. வேளாண்மைத் துறையினரும் இதனைக் கூறுவர். ஆயினும் சில எச்சரிக்கைகள் வேண்டும். வெப்பத்தால் உரோமம் புகையோடு எழும். ஆகையால் காற்று தம் முதுகுப்புறத்திலிருந்து வீசுமாறு நிற்க வேண்டும். தலைக்கு நேர்மேலே பந்தம் பிடிக்கலாகாது. கண்ணையும் மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும். குழந்தைகளை அப்புறப்படுத்த வேண்டும். பனையோலைக் கூரைக்கு அருகில் பந்தத்தை நினைக்கவே கூடாது. அத்தகைய இடங்களில் மீன் எண்ணெய் ரோசின் சோப்பினை ஒரு லிட்டர் நீருக்கு 25 கிராம் வீதம் கரைத்துத் தெளிப்பதே ஏற்றது. இறந்து விழுந்த புழுக்களை நீர் தெளித்து நனைத்து, மண்வெட்டியால் வாரிப் புதைத்துவிட வேண்டும், உலரவிட்டுப் பெருக்கலாகாது.

மீன் எண்ணெய் என்றவுடன் கூட்டுறவாளர் நன்றியோடு நினைக்க வேண்டிய பெயர் ஒன்றுண்டு. சர் பிரடெரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் அளித்த அறிக்கைகளே, 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்துக்கு வழி வகுத்தவற்றுள் தலையாயவை. அதே நிக்கல்சன்தான் பின்னர் சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறைக்கு அடிகோலி, மேற்குக் கரையில் மீன் எண்ணெய்த் தொழிலைச் சீர்ப்படுத்தவும் முயன்றார். கடலின் பொருள் கரையின் பயிருக்குக் காவலாவதும், பலர் கூடி ஒரு காரியத்தை முடிப்பதும் அவருடைய நோக்கங்களுக்கு இசைந்தவையே.

சிவப்புக் கம்பளிப்பூச்சியைப் பொறுத்தமட்டில் கூடிச் செய்தல் என்பது அறவுரை மட்டுமன்று. அதனை விட்டால் வேறு வழியே இல்லை. நல்ல மழை பெய்தவுடன், மண்ணுக்குள் பல மாதங்கள் உறங்கிய கூட்டுப்புழுக்களிலிருந்து அந்துகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் வெளிவருகின்றன. ஒரு பெண் அந்து 600, 700 முட்டைகள் வரை இடும். அந்த நாட்களின் முன்னிரவில் வயல்தோறும் விளக்குப் பொறி வைத்தாலோ, சொக்கப்பனைபோல் நெருப்பு மூட்டினாலோ, ஆயிரக்கணக்கான அந்துகள் வந்து மடியும். ஒருவர் மட்டும் விளக்கு வைத்தால் ஊரிலுள்ள அந்தெல்லாம் அவர் வயலுக்கே விருந்து வரும். ஊரார் அனைவரும் ஒரே இரவில் வைத்தால் எல்லோர்க்கும் பயன்.

புழுக்கள் வயல் விட்டு வயல் செல்லத் தொடங்கிய பின், செங்குத்தான சுவரோடு ஓரடி ஆழத்துக்குக் குழி வாய்க்கால் வெட்டி அவற்றை விழச்செய்து அழிக்கலாம். அதனையும் ஊரெல்லையைச் சுற்றி ஒரே தொடராக வெட்டினால்தான் பயன். இடையில் ஒருவர் விட்ட இடைவெளி போதும், படை உள்ளே புக. கோடையில் ஆழ உழுதால் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலாலும் பறவைகளாலும் அழியும். அதிலும் தரிசாக விடப்பட்ட ஒரு வயல் அடுத்த ஆண்டுப் பூச்சிக்கு விதைக்கலமாகிவிடும். இதனை உணர்ந்தே அன்றைய சென்னை அரசாங்கம் 1919-ஆம் ஆண்டில் பயிர்ப் பூச்சி நோய்ச் சட்டத்தை இயற்றியது. சட்டம் வற்புறுத்திச் செய்விக்க முயன்றதைச் சங்கம் அங்கத்தினரின் இசைவோடு செய்யலாம்.

சங்கங்கள் மேற்கொள்ளத்தக்கவை

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. மழைக்காலத்துக்கு முந்திய கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்துப் பேசலாம். எந்த மழைக்குப்பின் எந்த இரவில் விளக்குப் பொறி வைப்பது, எந்த வாரம் முருங்கை மரங்களைச் சுற்றிப் பார்ப்பது, யார் யார் எந்தத் தெருவுக்குப் பொறுப்பு என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம். மரம் இல்லாத நெசவாளரும் ஒருநாள் உழைப்பைத் தரலாம். அவர் பாவு காக்கப்படுகிறது அல்லவா? நீள்கை உறை, கண்ணாடி மூடி, தெளிப்பான் ஆகியவற்றைச் சங்கமே ஒரு தொகுதியாக வாங்கி வைத்து, வேண்டும்போது முறைவைத்துக் கொடுக்கலாம். ஒட்டும் பிளாஸ்திரியும் காலமைன் நீர்மமும் சங்க அலுவலகப் பெட்டியில் எப்போதும் இருக்கட்டும்.

பள்ளிக்கூடத்து ஆசிரியர்களிடமும் சொல்லி, பிள்ளைகளுக்கு மூன்று சொற்களை மனத்தில் பதிய வைக்கலாம்: தொடாதே, தேய்க்காதே, கண்ணைக் கசக்காதே. முருங்கைக்கீரையைச் சமைக்குமுன் இணுக்குதோறும் பார்த்து, இரண்டு மூன்று முறை நீர் மாற்றி அலசும் பழக்கம் வீட்டில் இருக்கட்டும்.

முருங்கை மரம் நிற்கட்டும். அதன் அடியில் விளையாடும் பிள்ளையும், காய் பறிக்கும் பெண்ணும், அருகே பாவு நீட்டும் நெசவாளரும் அச்சமின்றித் தம் வேலையைப் பார்க்க இத்தனை ஏற்பாடு போதுமானது. வரும் மழைக்கு இன்னும் நாள் இருக்கும்போதே அங்கத்தினர்கள் இதனைத் தம் சங்கத் தலைவரிடமும் செயலாளரிடமும் எடுத்துரைப்பார்களாக.